ஆறாவது சீசன் தேறாது

சனிக்கிழமை மாலை டிவியில் 'சீல் வைத்த வீடு' ஓடி முடிந்தால், திங்கட்கிழமை மதியம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் சாப்பாட்டு அறையில் அதற்குத் தீர்ப்பு எழுதப்படும். ஐந்து வருடமாக இப்படித்தான். கொதிகலனுக்குப் பின்னால் இருக்கும் அந்த அறையில் ஒரு மேசை, நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள், கதவு சரியாக மூடாத ஒரு பழைய பிரிட்ஜ். உட்கார்வது நான்கு பேர். வார்டுகளிலிருந்து அழுக்குத் துணியைக் கொண்டுவரும் வேன் டிரைவர், கிழிந்த போர்வைகளுக்கு ஒட்டுப்போடும் தையலம்மா, மடிப்பு மேசையில் நிற்கும் நெட்டை, அவளுக்கு எதிர்முனையில் நின்று விரிப்பு மடிக்கும் ஜட்ஜம்மா.

ஜட்ஜம்மா என்று பெயர் வைத்தது டிரைவர்தான். எந்தக் கதையானாலும் இரண்டாவது வாரமே கொலைகாரன் யாரென்று அவள் சொல்லிவிடுவாள். சொன்னால் அப்பீலுக்கு இடமில்லை. நாற்பத்துநான்கு வயது, ஒண்டிக்கட்டை, அதிகம் பேசாதவள். அந்த அரைமணி நேரம் மட்டும் அவள் பேச மற்றவர்கள் கேட்பார்கள்.

தொடரின் நாயகர் ஒரு காது கேட்காத போலீஸ் அதிகாரி. முதல் இரண்டு சீசனில் நல்ல காதைத் திருப்பிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். எதிரில் இருப்பவன் அந்த மௌனம் தாங்காமல் தானாக உளறிக் கொட்டுவான். அதற்காகவே நால்வரும் அவரிடம் சொக்கிப்போனார்கள். மூன்றாவது சீசனில் அவர் கையில் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். நான்காவதில் காதலி வந்தாள். ஐந்தாவதில் மனிதர் மாடி விட்டு மாடி தாவினார். ஆனாலும் யாரும் பார்ப்பதை விடவில்லை. திட்டுவதற்காகவாவது பார்த்தார்கள்.

ஆறாவது சீசன் தொடங்கிய திங்கட்கிழமை, டப்பா மூடியைத் திறக்கும் முன்பே டிரைவர் ஆரம்பித்துவிட்டார்.

"ஆறாவது சீசன் தேறாது, எழுதி வெச்சுக்கங்க. ஒரு பொம்பள மூணாவது மாடியில தனியா இருக்கா. மண்டையில அடிபட்டுச் செத்துக் கெடக்கா. கதவு உடையல, பீரோ தொறக்கல. ரெண்டு கப்பை மட்டும் கழுவிக் கவுத்து வெச்சிருக்கு. கொலை பண்ணிட்டு எவனாவது பாத்திரம் கழுவுவானா? அவருக்கு ஒரு காதுதான் கேக்காது, நமக்கு ரெண்டு காதுலயும் பூ சுத்துறானுங்க."

"எங்க வீட்டுக்காரர் சாப்பிட்ட தட்டையே கழுவ மாட்டார்," என்றாள் நெட்டை. "அவர் கொலை பண்ணா நான்தான் போய்க் கழுவணும்."

தையலம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. ஜட்ஜம்மா சிரிக்கவில்லை.

"கழுவலாம். அப்படியும் நடக்கும்," என்றாள்.

"என்ன ஜட்ஜம்மா, பல்டி அடிக்கிறீங்க? போன சீசனை நார் நாராக் கிழிச்சது நீங்கதானே?"

அவள் சோற்றைப் பிசைந்தாள். அந்தக் கப்புகள் அவளுடைய அக்காவின் கப்புகள்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தன்னிடமிருந்த மாற்றுச் சாவியால் கதவைத் திறந்து அக்காவை முதலில் பார்த்தது அவள்தான். அக்கா மருந்துக்கடையில் வேலை பார்த்தாள், தனியாக இருந்தாள். குடித்த கப்பை மறுநாள்வரை தொட்டியிலேயே போட்டு வைப்பவள். அன்று இரண்டு கப்புகள் பளிச்சென்று கழுவி, துணிமேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. யார் வந்தார்கள், யார் கழுவினார்கள் என்று போலீசுக்குக் கடைசிவரை தெரியவில்லை. கோப்பு மெல்ல மெல்ல அடியில் போய்விட்டது. ஜட்ஜம்மா ஊர் மாறி இந்த வேலைக்கு வந்தாள். கேட்டவர்களிடம் அக்கா உடம்பு சரியில்லாமல் போய்விட்டாள் என்று சொன்னாள்.

இரண்டு வருடம் முன்பு அவளைத் தேடிக்கொண்டு ஓர் இளம்பெண் வந்தாள். 'சீல் வைத்த வீடு' தொடருக்காக நிஜ வழக்குகளைத் திரட்டுகிறவளாம். எந்தத் தொடருக்காக வாரம் முழுக்கக் காத்திருப்பாளோ, அந்தத் தொடரே வீடு தேடி வந்து எதிரில் உட்கார்ந்தது போலிருந்தது ஜட்ஜம்மாவுக்கு. இரண்டு மதியங்கள் பேசினாள். சாவி, கப்பு, படிக்கட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அம்மாவிடம் இதுவரை சொல்லாத ஒன்றையும் சொன்னாள். அக்காவும் அவளும் சண்டை போட்டுக்கொண்டு, கடைசிப் பதினோரு நாளும் பேசாமல் இருந்தார்கள்.

"பேரு, ஊரு எல்லாம் மாத்திடுவோம்க்கா," என்றாள் அந்தப் பெண். ஜட்ஜம்மா காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். எத்தனையோ லட்சம் பேர் பார்க்கும் தொடர். அதில் ஒருவராவது, அன்றைக்கு மூன்றாவது மாடிக்கு ஏறிப்போன யாரையோ நினைவுபடுத்திக்கொள்ள மாட்டார்களா என்று ஓர் ஆசை. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஆகவே ஆறாவது சீசன் ஓடிய எட்டு வாரமும் அவள் டிவி முன்னால் மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்தாள். திங்கட்கிழமைகளில் மேசையில் வசவு நடந்தது. கதை இழுவை என்றாள் நெட்டை. செத்துப்போன அக்கா பாத்திரத்துக்கு உயிரே இல்லை என்றாள் தையலம்மா. "பொணத்துக்கு எங்கேருந்தும்மா உயிர் வரும்?" என்றார் டிரைவர். எல்லோரும் மேசையைத் தட்டிச் சிரிக்க, ஜட்ஜம்மா பாதிச் சாப்பாட்டோடு எழுந்து டப்பாவைக் கழுவப் போனாள்.

ஐந்தாவது வாரம் தையலம்மா சொன்னாள்: "அந்தத் தங்கச்சிக்காரியைத்தான் எனக்குச் சகிக்கல. கூடப் பொறந்தவ செத்ததைப் பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒப்பிக்கிறா. கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி இல்ல."

"அவதான் செஞ்சிருக்கா. வேணா பாருங்க," என்றாள் நெட்டை. "ஜட்ஜம்மா தீர்ப்பு என்ன?"

"விசாரணை முடியட்டும்," என்றாள் ஜட்ஜம்மா.

எட்டாவது சனிக்கிழமை விசாரணை முடிந்தது. ஒற்றைக்காது அதிகாரி தங்கையின் எதிரில் உட்கார்ந்து நல்ல காதைத் திருப்பினார். தங்கை உடைந்து அழுது ஒப்புக்கொண்டாள். சின்ன வயதிலிருந்து அக்காவின் பழைய உடுப்புகளையே போட்டு வளர்ந்த புகைச்சல், பதினோரு நாள் பேசாத சண்டை, கைக்குக் கிடைத்த ஒரு கனமான பொருள். அந்த உடுப்புக் கதையையும் ஜட்ஜம்மாதான் சொல்லியிருந்தாள், சிரித்துக்கொண்டே, இரண்டாம் நாள் மதியம்.

ஞாயிறு காலை அந்தப் பெண்ணின் நம்பரைத் தேடி எடுத்துக் கூப்பிட்டாள். அவள் தொடரை விட்டு விலகி ஆறு மாதமாகியிருந்தது.

"நான் எழுதிக் கொடுத்தது அப்படி இல்லக்கா," என்றாள். "யாருன்னு கடைசிவரைக்கும் தெரியாமலே முடியற மாதிரிதான் எழுதினேன். சேனல்ல ஒத்துக்கல. அஞ்சாவது சீசனை அப்படி முடிச்சதுக்கு ரசிகர்கள் எங்களை உண்டு இல்லைன்னு ஆக்கிட்டாங்கல்ல? இந்தத் தடவை முடிவு இருந்தே ஆகணும்னு சொல்லிட்டாங்க."

"அதுக்குத் தங்கச்சியா?"

"வேற ஆளே இல்லையேக்கா. நீங்க சொன்ன கதையில இருந்தது நீங்களும் உங்க அக்காவும்தானே?"

ஜட்ஜம்மா போனை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். போன வருடம் தொடரின் முகநூல் பக்கத்தில் அவளும் எழுதியிருந்தாள். 'முடிவே இல்லாத கதைக்கு எங்களை எதற்கு எட்டு வாரம் உட்கார வைத்தீர்கள்?' இருநூறு பேர் அதற்கு விருப்பம் போட்டிருந்தார்கள். நிஜத்தில்தான் முடிவு கிடைக்கவில்லை, டிவியிலாவது கிடைக்கக் கூடாதா என்ற ஆத்திரத்தில் எழுதியது. இப்போது கிடைத்துவிட்டது.

மதியம் அம்மாவிடமிருந்து போன் வந்தது. அம்மா அண்ணன் வீட்டில் இருந்தாள். பஸ்ஸில் இரண்டு மணி நேரம். அங்கேயும் சனிக்கிழமை அதே தொடர் ஓடியிருந்தது.

"ஏன்டி, நீயும் அவளும் பேசாம இருந்தீங்களா?"

"அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றேம்மா. நேர்ல பேசலாம்."

மறுநாள் மேசையில் டிரைவர் ஜெயித்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"மொக்கையோ மொக்கை. தங்கச்சிதான்னு கொழந்தைக்குக்கூடத் தெரியும். இதுக்கு எட்டு வாரமா?"

"காரணம்கூட வலுவா இல்லண்ணே," என்றாள் நெட்டை. "பழைய துணி போட்டதுக்கெல்லாம் கொல்லுவாளா? எழுதறவனுக்குச் சரக்கு தீர்ந்துபோச்சு."

"உள்ளுக்குள்ள என்ன இருந்துச்சோ," என்றாள் தையலம்மா. "அழாதவளை நம்பவே கூடாது. நான் மொதல்லயே சொன்னேன்."

"பதினோரு தடவை சொன்னா அழுகை வராது," என்றாள் ஜட்ஜம்மா.

மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"மொதல் தடவை சொன்னப்ப அழுதேன். ரெண்டாவது தடவையும் அழுதேன். ஆள் மாத்தி ஆள் வந்து திருப்பித் திருப்பிக் கேட்டாங்க. பதினோராவது ஆள் கேக்கும்போது ஒப்பிக்கத்தான் வந்துச்சு."

"யாருக்கா கேட்டாங்க?" என்றாள் நெட்டை.

"போலீஸ்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். சாவி, கப்பு, ஊர் மாறி வந்தது, தகவல் திரட்ட வந்த பெண், போட்ட கையெழுத்து. டிரைவர் கரண்டியைக் கீழே வைத்தார். நெட்டை வாயைப் பொத்திக்கொண்டாள். தையலம்மா ஜட்ஜம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "அடப்பாவமே, இத்தனை வருஷமா இதை நெஞ்சுல வெச்சுக்கிட்டா இருந்தே?" என்றாள். ஜட்ஜம்மாவுக்கு இதை முன்பே சொல்லியிருக்கலாமோ என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது.

டிரைவர் மேசைமேல் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"அப்போ... நெஜத்துல யாரு செஞ்சது?"

அவர் கெட்டவர் இல்லை. ஒருமுறை அவளுக்குக் காய்ச்சல் கண்டபோது வேனிலேயே வீட்டில் கொண்டுபோய் விட்டவர். ஆனால் அவர் கண்ணில் இப்போது இருந்தது சனிக்கிழமை மாலை ஏழு மணியின் பளபளப்பு. மற்ற இருவரையும் பார்த்தாள். அவர்களும் பதிலுக்காகக் காத்திருந்தார்கள்.

"தெரியாது."

"போலீஸ் யாரையாச்சும் சந்தேகப்பட்டிருப்பாங்கல்ல?"

"என்னைத்தான். ரெண்டு மாசம். அப்புறம் விட்டுட்டாங்க."

தையலம்மா கையை எடுத்துக்கொண்டாள். டப்பாவை மூடுவதற்காகத்தான் எடுத்தாள். மூடிய பிறகும் கை மேசைக்குக் கீழேயே இருந்தது.

அன்று மதியம் நானூறு விரிப்புகள். விரிப்பு மடிப்பது இரண்டு பேர் வேலை. இரு முனைகளைப் பிடித்து இழுத்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து, ஒருத்தி கையிலிருந்து மற்றவள் கைக்கு நுனிகளை மாற்ற வேண்டும். ஐந்து வருடமாக நெட்டை ஒவ்வொரு தடவை நெருங்கும்போதும் ஏதாவது கிண்டல் சொல்லிவிட்டுப் போவாள். அன்று நுனியை மட்டும் கொடுத்தாள். கண்ணைத் துணியைவிட்டு எடுக்கவில்லை.

புதன்கிழமைக்குள் இஸ்திரிப் பிரிவுப் பெண்கள் ஏதோ எடுக்க வருவது போல வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போனார்கள். சாப்பாட்டு அறையில் அவள் நுழைந்ததும் பேச்சு வெயிலுக்கும் முழங்கால் வலிக்கும் மாறியது. வெள்ளிக்கிழமை அவள் சூப்பர்வைசரிடம் போய், தன்னைத் தரம் பிரிக்கும் அறைக்கு மாற்றச் சொன்னாள். ரத்தமும் சீழும் பட்ட துணிகளை முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு தனியாக நின்று பிரிக்கும் வேலை. யாரும் கேட்டு வாங்குகிற இடமில்லை. சூப்பர்வைசர் ஏன் என்று கேட்காமல் உடனே சரி என்றார். அவருக்கும் விஷயம் போய்விட்டது என்று அதிலிருந்து தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போனவள் வெளியே வரவில்லை. அண்ணன் வீட்டில் இல்லை. அம்மா ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"எதுக்குடி சண்டை போட்டீங்க?"

"ஒரு சூட்கேசுக்காகம்மா. அவகிட்ட இரவல் வாங்கிட்டுப் போய்ச் சக்கரத்தை ஒடச்சுட்டேன். அதுக்குத் திட்டினா. நானும் பதிலுக்குப் பேசிட்டேன்."

"என்கிட்ட சொல்லலையே."

"உன்கிட்ட எப்படிம்மா சொல்றது? சமாதானமாப் போறதுக்குத்தான் அன்னைக்குக் காலையில போனேன்."

இன்னொரு தடவை முழுவதையும் சொன்னாள். பஸ் இறங்கிய நேரம், படியில் பார்த்த பால்காரர், சாவி. அம்மாவுக்காக மெதுவாகச் சொன்னாள். அம்மா கேட்டு முடித்துவிட்டு முழங்காலைத் தடவிக்கொண்டாள்.

"அன்னைக்கு நல்ல மழை. நீ தொப்பலா நனைஞ்சுக்கிட்டு மாடி ஏறினே."

"அது டிவியிலம்மா. அன்னைக்கு மழையே இல்ல."

"இருந்துது. படியெல்லாம் உன் செருப்புத் தடம் ஈரமா இருந்துச்சே."

"நீ அந்த வீட்டுப் பக்கமே வரலையேம்மா. அண்ணன் உன்னை நேரா ஆஸ்பத்திரிக்குத்தானே கூட்டிட்டு வந்தான்?"

அம்மா யோசித்தாள். பிறகு மெதுவாக, திடமாகத் தலையை ஆட்டினாள். "இல்லடி. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

ஒன்பது வருடத்துக்கு முந்தைய ஒரு காலையில் மழை பெய்யவில்லை என்று யாரிடம் போய்ச் சாட்சி கேட்பது? அவள் இன்னும் ஒருமுறை வாயெடுத்தாள். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இரண்டு மணி பஸ்ஸுக்கு அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அம்மா வாசல்வரை வந்தாள். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு என்று எப்போதும் சொல்வாள். அன்று சொல்லவில்லை.