ஊதாக் கையுறை

குளிர்கால விடுமுறைக்கு முந்தைய நாள் ஏழாம் வகுப்பில் பரிசு மாற்றிக்கொள்வார்கள். குலுக்கலில் யார் பெயர் வருகிறதோ அவருக்கு ரகசியமாக வாங்கி வர வேண்டும். அகல்யாவுக்கு அவள் பெயரே வந்தது. சீட்டைத் திருப்பிப் போடாமல் ஒளித்துக்கொண்டாள். போன வருடம் கிடைத்த சோப்பு டப்பாவை அவள் மறக்கவில்லை.

இன்று பொட்டலத்தைப் பிரித்தவள், மயூர் விஹார் சந்தையில் தானே பொறுக்கிய ஊதாக் கையுறையைப் பார்த்து வாயைப் பிளந்தாள். நடிப்பு நன்றாகவே வந்தது.

"அச்சா, இது யாரு குடுத்தது? எழுந்திருங்க" என்றார் வள்ளி மிஸ்.

யாரும் எழவில்லை. ஏமாற்றியது அவளை உறுத்தவில்லை. தனக்குத்தானே பரிசு வாங்கிக்கொண்டவள் என்று தெரிந்துவிடுமே என்பதில்தான் காது சுட்டது.

"நான்தான் மிஸ்." எழுந்தவள் சுபாஷிணி. தீபாவளியிலிருந்து அகல்யாவோடு பேசாதவள்.

அகல்யாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்து சுபாஷிணி தன் பொட்டலத்தைப் பிரித்தாள். பெரிய சாக்லேட் டப்பா.

"இது யாரு?"

மறுபடியும் யாரும் எழவில்லை. சுபாஷிணி அகல்யாவை முறைத்து, "ஜல்தி, எழுந்திரு" என்று உதட்டை அசைத்தாள்.

அகல்யா துள்ளி எழுந்தாள். "நான்தான் மிஸ்!"

"பேசிக்காத ரெண்டு பேருக்குள்ள இவ்வளவு பாசமா!" மிஸ் உருகிப்போய் எல்லோரையும் கைதட்டச் சொன்னார்.

அந்தச் சத்தத்தில் சுபாஷிணி அகல்யாவின் காதருகே குனிந்து கேட்டாள்: "உனக்கும் உன் பேரே வந்துச்சாடி?"