லாசரஸ் அண்ணையின் பாறணை

"உம்மை ஆர் குடுக்கச் சொன்னது? சொல்லும். ஆர் சொன்னது?"

"விரதகாரனுக்குப் பாறணை குடுக்க ஆரும் சொல்ல வேணுமோ?"

"அவன் விரதகாரன் இல்லையப்பா. குத்துச்சண்டைக்காரன். இண்டைக்குப் பின்னேரம் சண்டை. காலமை தராசிலை ஏத்தினால் எழுநூறு கிராம் கூட."

"மனுசரை என்னத்துக்கு நிறுக்கிறது? சந்தையிலை கோழி விக்கிற மாதிரி."

"அதுதான் சட்டம். கூட நிண்டால் சண்டை இல்லை."

"அந்தச் சட்டத்தை எனக்கு ஒரு நாளாவது சொன்னனீங்களோ? குசினிக்குள்ளை வந்தால் கோப்பையைப் பாப்பியள், கோப்பியைப் பாப்பியள். வாயைத் திறந்து ஒரு கதை கதைச்சனீங்களோ?"

சிவநேசன் மனைவியின் குரலுக்குப் பயந்து குசினிக் கதவைச் சாத்தப் போனான். வெளியே படிக்கட்டில் ஒரு சுவிஸ்காரன் அதைவிடப் பெரிய குரலில் கத்திக்கொண்டிருந்தான். எம்மன்புரூக்கேயில், உருக்காலைக்குப் பின்னால் இருந்த அந்த மூன்று மாடி வீட்டில், படிக்கட்டில் தும்மினாலே கீழ் வீட்டுச் சுவிஸ்காரி ஃபிராவ் புகர் கதவைத் திறந்து பார்ப்பாள். அன்றைக்கு அந்தச் சத்தத்துக்குக் கதவு எல்லாம் திறந்துதான் இருந்தது.

எண்பத்தாறாம் ஆண்டு ஐப்பசி. மேல் மாடியில் இரண்டு அறை சிவநேசனுக்கும் மனைவி இராஜேஸ்வரிக்கும். மூன்றாவது அறை லாசரோவுக்கு. குசினி பொது. லாசரோ கியூபாவில் பிறந்தவன், கறுத்தவன், நெடுவல், கதைக்கும்போது மட்டும் மெல்லிய குரல். அந்தப் பெயர் எம்மவர் வாயில் நாலு நாள் கூட நிற்கவில்லை. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளிக் கத்தோலிக்கர் யாரோ போல லாசரஸ் அண்ணை ஆகிவிட்டான்.

அவனுடைய கதையை ஊரில் எல்லோரும் அறிந்திருந்தார்கள், ஆளுக்கொரு விதமாக. அவன் நாட்டில் காசுக்குக் குத்தக் கூடாதாம். அரசாங்கத்துக்காகக் குத்தலாம், பதக்கம் வாங்கலாம், அதோடு சரி. எண்பதாம் ஆண்டு கடற்கரையில் வள்ளங்கள் வந்து சனத்தை அமெரிக்காவுக்கு ஏற்றியபோது, போட்டிருந்த சட்டையோடு இவனும் ஏறினான். மயாமியில் குத்தினான். பிறகு ஸ்பெயினில். உள்ளூர்ப் பெடியனுக்குப் பேர் வாங்கிக் கொடுப்பதற்கென்று வெளியிலிருந்து ஓர் ஆளைப் பிடித்து வருவார்கள் அல்லவா, அந்த ஆளாகத்தான் பல காலம். வென்ற சண்டையிலும் நடுவர்கள் மற்றவன் கையைத் தூக்கினார்களாம். இது அவன் சொன்னதல்ல, பக்கத்துக் கட்டடத்துத் தவராஜா சொன்னது. தவராஜா எப்போதும் எல்லாம் அறிந்தவர். அவருக்குத் தெரியாத ஒரே விஷயம் தன் வாயை எப்போது மூடுவது என்பது.

டயர் கடை வைத்திருந்த சும்பியூல் என்பவன்தான் அவனைச் சுவிஸுக்குக் கூட்டிவந்து மனிதனாக மதித்துப் பழக்கினான். இங்கே வந்தபின் லாசரோ தோற்கவில்லை. கடைசியில் லுட்சேர்ன் மண்டபத்தில் ஓர் இத்தாலியனோடு சண்டை பொருந்தியது. அதில் வென்றால் உலகப் பட்டத்துக்கான வரிசையில் இடம். வயது முப்பத்துமூன்று. இன்னொரு முறை ஒருவரும் கேட்கப்போவதில்லை என்பது சும்பியூலுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

இராஜேஸ்வரிக்குத் தெரிந்தது வேறு.

அந்தக் கிழமை கந்தசஷ்டி. அவள் கலியாணம் கட்டமுன் தொடங்கிய விரதம். ஆறு நாளும் பாலும் பழமும்தான். முதல் நாள் பின்னேரம் குசினியில் பார்த்தால், தினமும் நாலு முட்டை பொரித்து வீட்டையே மணக்க வைக்கிற மனிதன், அரை அப்பிளை வெட்டி வைத்துக்கொண்டு மெதுவாகச் சப்பிக்கொண்டிருந்தான். இரண்டாம் நாளும் அப்படித்தான். விடியமுன் எழும்பிக் குளிரில் ஓடிவிட்டு வந்து பச்சைத் தண்ணீரில் குளித்தான். அவனுடைய அறைக் கதவு நீக்கலாகத் திறந்து இருந்தது. பிறர் அறையை எட்டிப் பார்க்கும் பழக்கம் தனக்கு இல்லை என்று இராஜேஸ்வரி எப்போதும் சொல்லுவாள். அன்றைக்கும் எட்டித்தான் பார்த்தாள். மேசையில் மெழுகுதிரி எரிந்தது. அதன் பின்னால் ஒரு படம்: ஊன்றுகோல் பிடித்த கிழவர், காலடியில் இரண்டு நாய்.

வைரவர், என்று அவளுடைய மனம் சொன்னது. அவர்களுடைய வைரவர்.

அதற்குமேல் சந்தேகப்பட என்ன இருக்கிறது? மூன்றாம் நாள் அவள் தன்னுடைய குசினி ஜெர்மனில், சாப்பிடுவதில்லையோ என்று கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டு, சனிக்கிழமை வரை இல்லை என்றான். வெள்ளி சூரன்போர். சனி விடிய விரதம் முடிக்கும் பாறணை. இராஜேஸ்வரிக்குப் புல்லரித்தது. ஏழு கடலுக்கு அப்பால் பிறந்தவன், அதே ஆறு நாளை அதே மாதிரிப் பிடிக்கிறான். அவளுடைய புருஷனோ சஷ்டி நாளில் உணவகத்தில் நின்று பன்றி இறைச்சிச் சட்டி கழுவுகிறான்.

சனி விடிய அவள் தோய்ந்து, ஈரத் தலையோடு சமைத்தாள். பச்சையரிசிச் சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, சூக் நகரிலிருந்து ஒருவர் கொண்டுவந்து கொடுத்த வாழைக்காயில் பொரியல், அப்பளம், ஊறுகாய், பாயசம், ஒரு செம்பு மோர். முருகனுக்குப் படைத்தாள். விரதகாரர் ஒருவர் பக்கத்து அறையில் இருக்கத் தான் மட்டும் வாய் நனைப்பது எந்த ஊர் நியாயம்? தட்டத்தை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள். அவன் வெறுமேலோடு திறந்தான். விலா எலும்பை எண்ணலாம் போல இருந்தது.

"சாமி. சாப்பாடு" என்றாள்.

அவன் தட்டத்தைப் பார்த்தான். அவளுடைய நெற்றித் திருநீற்றைப் பார்த்தான். திரும்பித் தன் மேசையில் இருந்த படத்தைப் பார்த்தான். பிறகு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

அவ்வளவுதான் நடந்தது. பத்து மணிக்குத் தராசு காட்டிக்கொடுத்தது. குறைத்துக்கொண்டு வர இரண்டு மணித்தியாலம் தவணை.

படிக்கட்டில் சும்பியூல் கேட்டுக்கொண்டிருந்தது ஒரே கேள்வி. யார் கொடுத்தது? லாசரோ சுவரில் சாய்ந்து நின்று ஒரே பதிலைச் சொன்னான். பசித்தது, தின்றேன்.

இராஜேஸ்வரி குசினியை விட்டு வெளியே வந்தாள். சிவநேசன் கையைப் பிடித்தான். அவள் உதறினாள்.

"நான்" என்றாள் ஜெர்மனில், தன் நெஞ்சைத் தொட்டு. "நான் கொடுத்தேன். என்னுடைய பிழை."

சும்பியூல் அவளை மேலும் கீழும் பார்த்தான். அவனுடைய கோபத்துக்கு இப்படி ஒரு சின்ன உருவத்தை அவன் எதிர்பார்க்கவில்லை. லாசரோ அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினான், வேண்டாம் என்பது போல.

நீராவி வேண்டும். வியர்க்க வேண்டும். சுடுதண்ணீர் நிறைய இருக்கிற இடம் அந்த வீட்டில் ஒன்றுதான், நிலவறையில் இருந்த துவைப்பு அறை. அதன் பூட்டுத் திறப்பு ஃபிராவ் புகரின் ஏப்ரன் பைக்குள். அந்த வீட்டில் யார் எந்த நாள் துவைப்பது என்பது வேதவாக்கு. சனிக்கிழமை ஃபிராவ் புகரின் சொந்த நாள். ஒரு முறை இத்தாலியக் குடும்பம் ஒன்று தன் நாள் முடிந்தபின் ஒரு சோடிக் காலுறையைக் கொடியில் விட்டதற்கு அவள் ஒரு மாதம் முகம் கொடுக்கவில்லை. புருஷன் செத்து நாலு வருஷம். வயது நாற்பதுகூட இல்லை. முகத்தைப் பார்த்தால் நெடுங்காலக் கோபம் ஒன்று அங்கேயே வாடகைக்கு இருப்பது தெரியும்.

இராஜேஸ்வரி அவளிடம் வணக்கத்துக்கு மேல் ஒரு சொல் பேசியவள் அல்ல. இப்போது படியிறங்கிப் போய் முன்னால் நின்றாள்.

"தயவுசெய்து. துவைப்பு அறை. சுடுதண்ணீர். அந்த மனிதர்."

"இன்று என்னுடைய நாள்" என்றாள் ஃபிராவ் புகர்.

"ஓம்" என்றாள் இராஜேஸ்வரி, தமிழில். அதற்குமேல் மொழி வரவில்லை. நின்றாள். தலை இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

ஃபிராவ் புகர் அவளைப் பார்த்தாள். மேலே படியில் நின்ற லாசரோவைப் பார்த்தாள், கொஞ்சம் கூடுதல் நேரம். இதைப் பிறகு எல்லோரும் சொன்னார்கள், பார்க்காதவர்களும் சொன்னார்கள். திறப்பை எடுத்தாள். தன் படுக்கை விரிப்புகளைத் தானே கொதிகலனிலிருந்து கோலால் இழுத்து வெளியே போட்டாள்.

யன்னலை அடைத்தார்கள். லாசரோ இரண்டு கம்பளிச் சட்டையும் அதற்கு மேல் மழைக் கோட்டும் போட்டுக்கொண்டு அந்த நீராவிப் புகாருக்குள் துள்ளுகயிறு அடித்தான். கதவுக்கு வெளியே இராஜேஸ்வரியும் ஃபிராவ் புகரும் ஆளுக்கொரு கவிழ்த்த வாளியில் இருந்தார்கள். கயிறு நிலத்தில் படுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது. நிற்கும். காறித் துப்பும் சத்தம் கேட்கும். மறுபடி தொடங்கும். தான் காலையில் வார்த்த மோர் அங்கே துளித்துளியாகப் போவதை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கந்தசஷ்டிக் காலத்தில் முருகனிடம் அவள் எதையெதையோ கேட்டிருக்கிறாள். ஒரு மனிதன் இளைக்க வேண்டும் என்று கேட்டது அன்றைக்குத்தான்.

அவன் வெளியே வந்தபோது உதடு வெடித்திருந்தது. கன்னம் உள்ளே போயிருந்தது. தராசு ஒத்துக்கொண்டது. சும்பியூல் காரின் ஊதியை அழுத்திக்கொண்டே வந்து சொல்லிவிட்டுப் போனான்.

"பாத்தீரோ, எல்லாம் சரி" என்றான் சிவநேசன்.

"நானும் வாறன் சண்டைக்கு" என்றாள் அவள்.

"தவராஜாவுக்கு எண்டு வைச்சிருந்த ரிக்கற்றப்பா."

"தவராஜா அண்ணை பாக்காமலே சொல்லுவார். அவருக்கு என்னத்துக்கு ரிக்கற்?"

மண்டபம் முழுக்கச் சுருட்டுப் புகையும் பியர் மணமும். சேலைக்கு மேல் கம்பளிக் கோட்டோடு அவள் ஒருத்திதான். முதல் சுற்றுகளில் இத்தாலியனுடைய கை லாசரோவைத் தேடிக்கொண்டே இருந்தது, கிடைக்கவில்லை. அவன் அங்கே நிற்பான், அடி வரும்போது இல்லாமல் போவான். சனம் சிரித்தது. சிவநேசன் அவளுடைய காதுக்குள், வெல்லுறார், வெல்லுறார் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

ஆறாம் சுற்று முடிந்து மூலையில் இருந்தபோது போத்தலை நீட்டினார்கள். மற்றவன் வாயைக் கொப்பளித்து வாளியில் துப்பினான். லாசரோ துப்பவில்லை. விழுங்கினான். இன்னும் கேட்டான். சும்பியூல் போத்தலை இழுத்துக்கொண்டான். அதைக் கண்டதும், அவன் உடம்பில் தண்ணீர் மிச்சம் இல்லை என்பது இராஜேஸ்வரிக்கு விளங்கிவிட்டது. பக்கத்தில் இருந்தவர்களுக்கு விளங்க இன்னும் இரண்டு சுற்று எடுத்தது.

லாசரோவின் கால் நின்ற இடத்திலேயே நின்றது. முன்பு கிடைக்காத மனிதன் இப்போது எல்லா அடிக்கும் கிடைத்தான். எட்டாம் சுற்றில் இடக்கண் மூடிக்கொண்டது. விழவில்லை. விழுந்திருக்கலாம் என்று அவள் நினைத்தாள், விழுந்துவிடு என்றுகூட வாய்க்குள் சொன்னாள். ஒன்பதாம் சுற்றின் நடுவில் சும்பியூல், சண்டை போதும் என்று வெள்ளைத் துவாயை வளையத்துக்குள் எறிந்தான். அது லாசரோவின் காலடியில் விழுந்தது. அவன் குனிந்து அதை எடுத்து, முகத்தைத் துடைத்து, மடித்து, மூலைக் கயிற்றில் போட்டான்.

கண்ணுக்குள் விழித்திரை கழன்றுவிட்டது, இனி வளையம் ஏறக்கூடாது என்றார் வைத்தியர். பார்வை பாதி மீளலாம், மீளாமலும் விடலாம்.

அவன் ஆசுப்பத்திரியால் வந்த மறுநாள் குசினிக் கதவடியில் நின்றான். கையில் அவளுடைய தட்டம். அது வெறுமையாக வரவில்லை. கறுத்த அவரை போட்டு அவித்த சோறு, மேலே முட்டைப் பொரியல்.

அவள் வாங்கவில்லை. "தராசு என்று ஏன் எனக்குச் சொல்லவில்லை?" என்று கேட்டாள். அந்த வசனத்தை ஜெர்மனில் சொல்ல அவள் இரண்டு நாளாகப் பழகியிருந்தாள்.

அவன் தன் அறைப் பக்கம் கையைக் காட்டினான். அந்தப் படத்தில் இருப்பது தன் பெயருடைய சாமி, படம் அம்மாவுடையது என்றான். வருஷாவருஷம் அந்தச் சாமிக்கு நேர்த்தி வைப்பவளாம் அவள். சாமிக்கு முன்னால் வைத்த சோற்றை மறுத்தால், மறுத்தது சாமியை என்று சொல்லி வளர்த்தாளாம். "தராசு எனக்குத் தெரியும். ஒரு வாய்தான் என்று நினைத்தேன். ஆறு நாள்." தோளைக் குலுக்கினான். "நல்ல சாப்பாடு."

இராஜேஸ்வரி தட்டத்தை வாங்கி மேசையில் வைத்து, நின்றபடியே தின்றாள். உப்புக் குறைவு. சொல்லவில்லை. கண்ணீர் சோற்றில் விழுந்தபின் உப்புச் சரியாக இருந்தது என்று பிற்காலத்தில் அவள் பகிடியாகச் சொல்லுவாள். அன்றைக்குப் பகிடி ஒன்றும் இல்லை. அவன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அவள் தின்று முடியும்வரை கதவடியில் நின்றான்.

அடுத்த வருஷம் வைகாசியில் லாசரோ ஃபிராவ் புகரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். எம்மன்புரூக்கேத் தமிழருக்கு அது இரண்டு மாதத்துக்குப் போதுமான கதை. படுக்கை விரிப்பை இழுத்து வெளியே போட்டபோதே தனக்குத் தெரியும் என்றார், அன்று அந்தப் பக்கமே வராத தவராஜா. புதுத் தம்பதி சூக்குக்குப் போனார்கள். அங்கே ஒரு பள்ளிக்கூட நிலவறையில் லாசரோ பெடியளுக்குக் குத்துப் பழக்கினான். பழக வருகிறவனிடம் முதலில் கேட்பது, இன்றைக்குச் சாப்பிட்டாயா என்பதாம்.

தவராஜாவுக்கு ஊரிலிருந்து ஒரு பெண் வந்தாள். அதன்பின் அவர் அதிகம் கதைப்பதில்லை. சிவநேசனும் இராஜேஸ்வரியும் எண்பத்தொன்பதில் வின்டர்தூருக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே குசினி தனி, துவைப்பு நாள் செவ்வாய். சஷ்டி விரதத்தை அவள் விடவில்லை. பாறணையன்று இரண்டாவது தட்டம் ஒன்று போட்டு மூடி வைப்பாள். ஒருவருக்கும் கொண்டுபோய்க் கொடுக்கமாட்டாள். பின்னேரம் சிவநேசன் அதைத் தின்பான்.