தாளிக்காத குழம்பு

காய்ந்த மிளகாய் கல்லுரலுக்குள் துள்ளித் துள்ளி ஓரத்துக்கு ஓடியது. அமிர்தம் இடது கையால் அதை நடுவுக்குத் தள்ளிவிட்டு மறுபடி இடித்தாள். மணி பத்தரை. பதினொன்றரைக்குள் குழம்பை இறக்கிவிட்டால் பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடிக்கலாம். ஒன்றரைக்குச் சிதம்பரத்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கலாம்.

மிக்சியில் ஐந்து நிமிட வேலை. கொத்தமல்லி விதையும் சீரகமும் மிளகும் பாதி சுற்றும்போதே கரண்ட் போய்விட்டது. முதுநகரில் அந்த வருஷம் கரண்ட் வரும் நேரத்தைத்தான் ஜனங்கள் மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். போகும் நேரத்துக்குக் கணக்கே இல்லை.

அன்று காலை ஆறு மணிக்கு அவள் புருஷன் சுப்புராயன் கண்ணைத் திறந்து, பதினைந்து நாளாகக் கஞ்சித் தண்ணீர் தவிர எதையும் இறக்காத தொண்டையால், "அந்தக் குழம்பு வெய்யி" என்றார். எந்தக் குழம்பு என்று அமிர்தம் கேட்கவில்லை. டாக்டர், "ஆசப்பட்டத ஒரு ஸ்பூன் குடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். மகள் ஜெயராணியை அவர் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு அமிர்தம் ஓடிவந்திருந்தாள்.

மிளகாய் தூளானதும் அரத்தையைப் போட்டாள். அரத்தை பார்வைக்கு இஞ்சிக்குத் தங்கச்சி மாதிரி இருக்கும். ஆனால் இஞ்சி நாக்கைச் சுடும், அரத்தை மூக்குக்குள் தைலம் தடவும். அதற்குப் பிறகு எலுமிச்சைப் புல்லின் வெள்ளை அடித்தண்டு. அதற்குப் பிறகுதான் சின்ன வெங்காயம், பூண்டு. கடைசியாக, வறுத்த சென்னாக்கூனி, அந்தப் பொடி இறால் கருவாடு. கெட்டியானது முதலில், ஈரமானது பிறகு. வெங்காயத்தை முதலிலேயே போட்டுவிட்டால் ஈரத்தில் எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடும், நார் மசியாது. மிக்சியின் கத்தி நாரைத் துண்டு துண்டாக வெட்டுமே தவிர நசுக்காது, நசுங்கினால்தான் உள்ளே இருக்கும் எண்ணெய் வெளியே வரும். இதெல்லாம் சுப்புராயன் சொன்னது. ஐந்து வருஷத்துக்கு முன்பு, ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை.

பாங்காக்கில் ரத்தினக்கல் வியாபாரிகளின் மெஸ்ஸில் பதினாலு வருஷம் சமைத்துவிட்டு இரண்டாயிரத்து ஐந்தில் அவர் ஊர் திரும்பியபோது, பெட்டிக்குள் ஈர லுங்கியில் சுற்றிய கிழங்கும் ஒரு கொத்துப் புல்லும் விரல் நீளத்துக்கு ஒரு செடியும் இருந்தன.

"ஏர்போர்ட்ல புடிச்சிருந்தா?" என்று கேட்டாள் அமிர்தம்.

"புடிச்சா இன்னா, அவனுக்கும் ஒரு வாய் ஆக்கிப் போட்டிருப்பேன்."

குளியலறைத் தண்ணீர் ஓடும் இடத்தில் மூன்றையும் நட்டார். செடி மரமானது, எலுமிச்சை ஜாதி. எட்டுப் போட்டதுபோல ஒன்றன் தலையில் ஒன்றாக ஒட்டிய இலைகள். டிசம்பர் கடைசியில் அடித்த தானே புயலில் அந்த மரம் முறிந்து விழுந்தது. அடிக்கட்டையில் இப்போதுதான் நாலு தளிர் வந்திருந்தது. அமிர்தம் நாலையும் கிள்ளிக்கொண்டு வந்திருந்தாள்.

கேஸ் அடுப்பைப் பற்றவைத்துத் தேங்காயின் முதல் பாலை ஊற்றினாள். எண்ணெய் ஒரு சொட்டும் கிடையாது. பால் கொதித்து, சுண்டி, ஓரத்தில் கண்ணாடி மாதிரி எண்ணெய் பிரியும்வரை காத்திருக்க வேண்டும். அந்த எண்ணெயில்தான் இடித்த விழுதை வதக்க வேண்டும். நம் குழம்பில் வாசனை கடைசியில் வரும், அவர்கள் குழம்பில் முதலிலேயே வந்துவிடும் என்று அவர் சொல்லியிருந்தார். விழுது விழுந்ததும் அது வந்தது. புல், வேர், கூனி மூன்றும் சேர்ந்து அவள் கண்ணில் நீர் வரவைத்தன. இரண்டாம் பாலை ஊற்றி, ஆஸ்பத்திரிக்கு எதிரே வாங்கிவந்த கத்திரிப் பிஞ்சுகளை நறுக்கிப் போட்டாள். உப்பு. பனைவெல்லம் ஒரு துளி. இலைகளைக் கிழித்துப் போட்டாள்.

மணி பதினொன்று இருபது. தூக்குச் சட்டி எங்கே? அலமாரியைத் திறந்தாள். செல்போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தாள். ஜன்னலைச் சாத்தினாள். இதற்கு நடுவில் கை ஆணியிலிருந்து தாளிப்புக் கரண்டியை எடுத்தது, எண்ணெய் ஊற்றியது, கடுகு வெடித்தது, கறிவேப்பிலை படபடத்தது. குழம்புக்குள் கவிழ்த்து, 'சொய்ங்' என்ற சத்தம் அடங்கிய பிறகுதான் அவள் நின்றாள்.

ஐந்து வருஷத்துக்கு முன்பும் இதையேதான் செய்திருந்தாள். அவர் இலை கிள்ளத் தோட்டத்துக்குப் போயிருந்த நேரம். தாளிக்காத குழம்பு அவளுக்குப் பித்தான் போடாத சட்டை. உதவி என்று நினைத்துத்தான் செய்தாள். அவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "இது வேற ஆயிருச்சு" என்றார்.

"வேறன்னா? அங்க யாரு வெச்ச மாதிரி இல்ல?"

அவர் அவளைப் பார்த்தார். தட்டிலிருந்த சோற்றை முழுக்கச் சாப்பிட்டார். கையைக் கழுவினார். அதற்குப் பிறகு அந்தக் குழம்பை வைக்கவே இல்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை. ஆனால் பாத்திரம் கழுவும் தண்ணீரைத் தினமும் அந்தப் புல்லின் அடியில்தான் கொட்டினாள். வெயில் காலத்தில் இரண்டு வேளையும்.

இப்போது திரும்பவும் முதலிலிருந்து செய்யலாமா? தேங்காய் இன்னொன்று இருக்கிறது. புல் இருக்கிறது. தளிர் இல்லை. இரண்டு மணி பஸ்ஸில் போகலாம். மூன்றரைக்குப் போய்ச் சேரலாம். அவள் குழம்புக்குள் கரண்டியை விட்டு மிதக்கும் கடுகை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தாள். பத்துப் பன்னிரண்டு எடுத்திருப்பாள். போன் அடித்தது.

"அம்மா" என்றாள் ஜெயராணி.

"வெச்சிட்டன்டி. இதோ கெளம்பிட்டேன். அவருகிட்ட சொல்லு, இடிச்சுதான் வெச்சிருக்குன்னு..."

"கொழம்பு வேணாம்மா."

அமிர்தம் கரண்டியில் ஒட்டியிருந்த கடுகைப் பார்த்தாள்.

"நீயும் வர வேணாம்மா. அங்கயே இரு. நாங்க அப்பாவக் கூட்டிக்கிட்டு வர்றோம்."

அந்த நேரத்தில் கரண்ட் வந்தது. சுவிட்சை அணைக்காமல் விட்டிருந்த மிக்சி தானாக இரைந்து சுற்றத் தொடங்கியது. பக்கத்து வீட்டுச் சவரியம்மாள் அந்தச் சத்தம் நிற்காததைக் கேட்டு ஓடிவந்து, உள்ளே பார்த்து, முதலில் மிக்சியை அணைத்தாள். பிறகு அடுப்பை அணைத்தாள். பிறகு அமிர்தத்தின் கையிலிருந்த கரண்டியை வாங்கி வைத்தாள்.

சுப்புராயனின் அக்கா கொளஞ்சியம்மாள் மங்கலம்பேட்டையிலிருந்து சாயங்காலம் வந்தாள். தம்பியின் காலடியில் விழுந்து அழுதுவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு, நேராகச் சமையற்கட்டுக்குப் போனாள்.

"இன்னா வாசன இது? பொணம் கெடக்கிற வூட்ல தாளிப்பு வாசன வருது?"

"அவரு கேட்டாருன்னு வெச்சது அண்ணி. காலைல."

கொளஞ்சியம்மாள் மூடியைத் திறந்து முகர்ந்து, திரும்ப மூடினாள். "அந்த ஊருக் கொழம்பா?" என்று கேட்ட குரலில் வேறொரு கேள்வியும் இருந்தது. பிறகு ஆணியிலிருந்த தாளிப்புக் கரண்டியை எடுத்துப் பரண்மேல் வைத்தாள். "கருமாதி முடியிற வரைக்கும் இது எறங்கக் கூடாது. எண்ணெ பொரியிற சத்தம் நல்லது நடக்கிற வூட்டுச் சத்தம். புரியுதா?"

சட்டியோடு குழம்பைத் தோட்டத்தில் கொட்டியது சவரியம்மாள்தான். எங்கே கொட்டினாய் என்று அமிர்தம் கேட்டாள். "வேப்பமரத்தடியில" என்றாள் அவள். "புல்லுக்கு ஊத்தல. காரம் பட்டுடும்னு."

எட்டு நாளும் அமிர்தத்தால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. மூலையில் பாய் போட்டிருந்தார்கள். யார் வந்து கட்டி அழுதாலும் அழுதாள், அவர்கள் எழுந்ததும் அவளும் எழுந்தாள். தண்ணீர்க் குடத்தை மூடினாள், மூடியதைத் திறந்து பார்த்தாள். தோட்டத்துக் கதவுவரை போய்த் திரும்பினாள். சவரியம்மாளும் மற்ற வீட்டுக்காரர்களும் முறைவைத்துச் சோறு கொண்டுவந்தார்கள். பருப்பு, ரசம், எல்லாம் தாளிக்காமல். எதை வாயில் வைத்தாலும் அவளுக்கு அந்த ஒரு சிட்டிகைக் கடுகுதான் ஞாபகம் வந்தது. ஒன்றரைக்குப் போயிருந்தாலும் அவர் இருந்திருக்கமாட்டார், பதினொன்று பத்துக்கே போய்விட்டார் என்று ஜெயராணி நாலு தடவை சொன்னாள். ஆனால் கொண்டுபோயிருந்தால் அவர் வாயில் எதை வைத்திருப்பேன் என்பதுதான் அமிர்தத்தின் கவலை. அதை யாரிடமும் சொல்ல முடியவில்லை.

எட்டாம் நாள் படையல். செத்தவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் ஆக்கி இலையில் வைக்கும் நாள். கொளஞ்சியம்மாள் விடியற்காலையிலேயே மீன்குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். அமிர்தம் ஈரத்தலையோடு வந்து கல்லுரலை இழுத்துப்போட்டாள். முந்தானையில் புல்லும் கிழங்கும் இருந்தன. முறிந்த மரத்தின் கட்டையில் எட்டு நாளில் மறுபடி வந்திருந்த இரண்டு தளிர்களும் இருந்தன.

"நீ எதுக்கு எழுந்து வர்ற? மூலைல உக்காரு."

"உக்காந்து பாத்துட்டேன் அண்ணி. முடியல."

"அதயா வெக்கப் போற? படையல்லயா? ஊரு ஒறவு வந்து கும்பிடுற எடத்துல, எவ கைப்பக்குவமோ..." கொளஞ்சியம்மாள் ஜெயராணியைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். "தாளிப்பு ஆகாதுன்னு சொன்னனா இல்லியா?"

"இதுக்குத் தாளிப்பு கெடையாது அண்ணி."

"தாளிக்காம ஒரு கொழம்பா?"

"ஆமா."

கொளஞ்சியம்மாள் யோசித்தாள். தடுக்க வேறு விதி எதுவும் அவளுக்குக் கிடைக்கவில்லை. "ருசி கிசி பாத்துடாத" என்று மட்டும் சொன்னாள். "படைக்கிறத நாக்குல வெக்கக் கூடாது."

கரண்ட் இருந்தது. அமிர்தம் மிக்சியைத் திரும்பிப் பார்க்கவில்லை. மிளகாய், அரத்தை, புல், வெங்காயம், கூனி. இடிக்க இடிக்கத் தோள் வலித்தது, அந்த எட்டு நாளில் முதல் தடவையாக அவள் கால்கள் ஒரு இடத்தில் நின்றன. முதல் பால் சுண்டியது. கடுகு வெடிப்பதுபோல அது வெடிக்கவில்லை. நெருப்பைக் குறைத்ததும் முணுமுணுத்துக்கொண்டே எண்ணெயைக் கக்கியது. உப்பு எவ்வளவு என்று சொல்ல நாக்கு இல்லை. குனிந்து முகர்ந்தாள். கொஞ்சம் போட்டாள். மறுபடி முகர்ந்தாள். "அம்மா, போதும்மா" என்றாள் ஜெயராணி.

தளிரைக் கிழித்துப் போட்டதும் அவளுடைய வலது கை தானாக உயர்ந்து சுவரைத் தொட்டது. ஆணி மட்டும் இருந்தது. அவள் கையை இறக்கி அடுப்பை அணைத்தாள்.

படைத்து, கற்பூரம் காட்டி, எல்லாரும் விழுந்து கும்பிட்டு எழுந்தபோது மணி இரண்டாகியிருந்தது. பந்தி நடந்தது. கொளஞ்சியம்மாள் மீன்குழம்பை மட்டும் ஊற்றிக்கொண்டு சாப்பிட்டாள். பாதியில், யாரையும் பார்க்காமல், இலையைக் கொஞ்சம் நகர்த்தி, "அதுல ஒரு கரண்டி ஊத்து, பாப்பம்" என்றாள். ஜெயராணி ஊற்றினாள். கொளஞ்சியம்மாள் ஒரு வாய் வைத்து மென்று, மெல்வதை நிறுத்தி, மறுபடி மென்றாள்.

"இன்னா அத்த?" என்றாள் ஜெயராணி.

"இன்னான்னு சொல்லத் தெரியல. உப்பு கம்மி." ஆனால் இலையைத் திரும்ப இழுத்துக்கொள்ளவில்லை. "இன்னும் கொஞ்சம் ஊத்து."

அமிர்தம் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தாள். சட்டியின் அடியில் இருந்ததை ஜெயராணி அவள் சோற்றில் ஊற்றினாள். முதலில் பாலின் இனிப்பு வந்தது. மிளகாய் நின்று நிதானமாகப் பிறகு வந்தது. விழுங்கிய பிறகுதான் அந்த இலை வந்தது, தொண்டைக்கும் மூக்குக்கும் நடுவில் எங்கோ ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டதுபோல. நல்லெண்ணெயும் கடுகும் கறிவேப்பிலையும் விழுந்தால் அந்த இடம்தான் முதலில் மூடிக்கொள்ளும்.

"எப்பிடிம்மா இருக்கு?"

அமிர்தம் இன்னொரு வாய் சாப்பிட்டாள்.

"இது வேற" என்றாள்.

தண்ணீராக இருந்த குழம்பு சோற்றைத் தாண்டி, இலையின் நரம்பு வழியாக விளிம்பை நோக்கி ஓடியது. ஒரு சொட்டும் வெளியே போகாதபடி அவள் கையின் ஓரத்தால் சோற்றை ஒதுக்கி அணை கட்டினாள்.