லேப்டாப் மெதுவாக ஓடிய காரணம்

அக்கா வீட்டுக்குள் வந்ததும் தம்பி கேட்ட முதல் கேள்வி, "நோயாளி எங்கே?" என்பதுதான். மருத்துவமனை ஒன்றில் கணினிகளைப் பழுது பார்க்கிறவன். அங்கத்துப் பேச்சு அவன் நாக்கிலும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"வா மாமா. உசிர் மட்டும்தான் ஒட்டிக்கிட்டு இருக்கு," என்றாள் அக்காவின் மகள். கட்டட வடிவமைப்பு படிக்கிறவள். "ஆன் பண்ணிட்டுக் குளிச்சிட்டு வந்தாலும் சுத்திக்கிட்டே இருக்கு. நாளைக்கு ப்ராஜெக்ட் குடுக்கணும். ஒரு சுவரை நகர்த்தினா, அது நகர்றதுக்குள்ள எனக்குக் கல்யாணமே ஆயிடும்."

"அப்ப ஒண்ணும் அவசரமில்லைன்னு சொல்லு, மருமகளே."

அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவுக்கு எல்லாம் கேட்டது. கத்தியை வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள்.

"எதுக்குடா அதோட மல்லுக்கட்டணும்? புதுசே வாங்கிடலாம். அதுக்கும் வயசாயிடுச்சு."

"நாலு வருஷம் ஒரு வயசாக்கா?" தம்பி மேசை முன் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துவிட்டான். "மொதல்ல என்ன தின்னுச்சுன்னு பாப்போம்."

என்ன தின்றது என்று அம்மாவுக்குத் தெரியும்.

வாடிக்கையாளர்களின் புகார்களைக் கேட்டுத் தீர்த்துவைக்கும் ஒரு நிறுவனத்தில் அவள் மேற்பார்வையாளர். வீட்டிலிருந்து வேலை செய்யும் இருபத்திரண்டு பேர் அவள் பொறுப்பு. அவர்கள் கணினிகளில் ஒரு ப்ரோகிராம் ஓசையில்லாமல் உட்கார்ந்து, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை திரையைப் படம் பிடித்து அனுப்பும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் மாமியார். அவள் காதுபடவே சொல்வார்கள், அவளும் சிரித்துக்கொள்வாள், தம்பியிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

மகள் இரண்டாம் வருடத் தேர்வில் தவறிய பிறகு மூன்று வாரம் அறையை விட்டு வெளியே வரவில்லை. சாப்பாட்டுத் தட்டு வைத்தது வைத்தபடி கதவோரம் கிடந்தது. "ஒண்ணுமில்லம்மா, தூங்கறேன்" என்பதைத் தவிர வேறு சொல் இல்லை. கணவர் வெளியூர் வேலையில் இருந்தார். போனில் எதைச் சொல்வது? அந்தப் பயத்தில்தான் ஒரு மதியம், மகள் குளிக்கப் போயிருந்தபோது, மாமியாரை அந்த லேப்டாப்பில் குடிவைத்தாள். தன் அலுவலகப் பட்டியலில் மகளை இருபத்திமூன்றாவது ஆளாகச் சேர்த்துக்கொண்டாள்.

பயம் தீர்ந்ததும் எடுத்திருக்கலாம். எடுக்கத்தான் போனாள். அன்றைய படங்களில் ஒன்றில், மகள் தன் தோழிக்கு எழுதியிருந்த வரி கண்ணில் பட்டது: "எங்கம்மா எதையும் நோண்ட மாட்டா. அதனாலதான் எனக்கு வீட்டுக்கு வரவே பிடிக்குது."

அதை நாலு முறை படித்தாள். நெஞ்சு நிறைந்துபோயிற்று. நிறைந்த நெஞ்சோடு மறுநாளும் திறந்து பார்த்தாள், தன்னைப் பற்றி இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று. அவளுக்கே அவள்மேல் கூச்சம் வந்தது அப்போதுதான். கூச்சம் வந்ததே தவிர, கை நிற்கவில்லை.

ஆறு மாதத்துக்கு முன் அலுவலகத்தில் அந்த ப்ரோகிராமையே மாற்றிவிட்டார்கள். பழைய கடவுச்சொல் செல்லாமல் போயிற்று. படங்கள் வருவது நின்றது, ப்ரோகிராம் மட்டும் லேப்டாப்பிலேயே கிடந்தது. சரி, விட்டது சனியன் என்று நினைத்தாள். கூடவே, வேளைக்கு வரும் காப்பி வராததுபோல் சில நாள் தவித்தாள். அதை யாரிடம் சொல்ல?

தம்பி ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தான். "எதுக்கு இத்தனையும் திறந்து வச்சிருக்கே? இது ஆரம்பிக்கும்போதே பதினாலு ப்ரோகிராம் முண்டியடிச்சுக்கிட்டு எந்திரிக்குது. பாவம், அதுதான் என்ன செய்யும்?"

"திட்டாதே மாமா. உனக்குக் காப்பி போட்டுக்கிட்டு வர்றேன்." மகள் அடுப்படிக்குப் போனாள்.

தம்பியின் விரல் நின்றது. திரையில் ஒரு சின்னப் பெட்டி. 'நீக்குவதற்கு மேற்பார்வையாளரின் கடவுச்சொல் தேவை.' அதன் தலையில் அக்கா வேலை பார்க்கும் நிறுவனத்தின் பெயர்.

அவன் திரும்பவில்லை. குரல் மட்டும் இறங்கியது. "அக்கா. மாமியாரை வீட்டுக்கே கூட்டிக்கிட்டு வந்துட்டியா?"

"மெதுவாப் பேசுடா."

"அனுப்ப வழியில்லாம எல்லாப் படத்தையும் இதுக்குள்ளயே சேத்து வச்சிருக்கு. முப்பதாயிரத்துக்கு மேல. மூச்சு முட்டாம என்ன செய்யும்?"

"நான் பாத்து ஆறு மாசமாச்சுடா. சத்தியமா. அவ சாப்பிடாம கிடந்தப்போ..." அடுப்படிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "எடுத்துடு. அவகிட்ட மட்டும் சொல்லிடாதே."

தம்பி பெருமூச்சு விட்டான். வேறு வழியாக உள்ளே போய் அதை வேரோடு பிடுங்கினான். படங்கள் கூட்டம் கூட்டமாக அழிந்தன. மறுபடி ஆன் செய்தபோது, மகள் காப்பியை மேசையில் வைப்பதற்குள் திரை வந்துவிட்டது.

"ஐயோ மாமா!" அவள் ஒரு சுவரை இழுத்தாள். சொன்ன இடத்தில் போய் நின்றது. "பறக்குதே! என்னதான் இருந்துச்சு உள்ளே?"

தம்பி காப்பியை ஊதினான். "ஏதோ வைரஸ்."

"வைரஸா? எப்படி..." மகளின் முகம் சட்டென்று மாறியது. "குண்டூசி! அவ பென்டிரைவ்தான். படிச்சுப் படிச்சுச் சொன்னேன் மாமா, கண்ட கடையில சொருகாதேடின்னு. இவளால எனக்கு ஆறு மாசம் போச்சு."

குண்டூசி அவளுடைய தோழியின் பட்டப்பெயர். ப்ராஜெக்ட்டில் பாதி வேலை அந்தப் பெண்ணுடையது.

"வேற எங்கேர்ந்தாவது வந்திருக்கும், விடு," என்றான் தம்பி.

"வேற யாரோடதும் நான் சொருகினதே இல்ல. இருக்கட்டும், இன்னிக்கு அவளை ஒரு வழி பண்றேன்." போனை எடுத்துவிட்டாள். "ஹலோ, உன்னோட சேந்து வேலை செஞ்சேன் பாரு, என்னைச் சொல்லணும்..."

எதிர்முனையில் அந்தப் பெண் எதுவும் புரியாமல் "என்னடி, என்னடி" என்பது கூடம் வரை கேட்டது. தம்பி அக்காவைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். இரண்டு நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். தோழிகள் சண்டை போடுவார்கள், பிறகு கூடிக்கொள்வார்கள். அம்மா அப்படியே இருப்பாள், எதையும் நோண்டாதவளாக.

"அவ இல்ல," என்றாள் அம்மா. "போனை வை. நான்தான் போட்டேன்."

மகள் சிரிக்கப் போனாள். மாமாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. "அப்புறம் பேசறேன்டி" என்று போனை வைத்தாள்.

"என்ன போட்டே?"

சொன்னாள். ஆபீஸ் என்றாள், படம் என்றாள், இரண்டு நிமிடத்துக்கு ஒன்று என்றாள். காரணத்தையும் சொன்னாள், சொல்லும்போதே அது மெலிந்துபோனதாகப் பட்டது.

மகள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

"எப்பலேர்ந்து?"

மழுப்பியிருக்கலாம். தேதியைச் சொன்னாள். நின்ற தேதியையும் சொன்னாள். ஒரு வருடம்.

மகளின் பார்வை மேசைமேல் நிலைத்தது. அந்தத் தேதியிலிருந்து தொடங்கி, நாள் நாளாக, அவள் தன் நினைவுகளின் வழியே நடந்துவருவது அம்மாவுக்குத் தெரிந்தது. ஓரிடத்தில் புருவம் சுருங்கியது. அப்பாவுக்கு எழுதி அனுப்பாமல் விட்ட கடிதம் அது. ஓரிடத்தில் உதட்டோரம் லேசாக நெகிழ்ந்தது. அவள் சிரித்துக்கொண்டே திரிந்த அந்த வாரமும் அம்மாவுக்குத் தெரியும். பிறகு கழுத்திலிருந்து மேலே சிவப்பு ஏறியது. காது வரை ஏறியது.

அது எந்த இரவு, யாரிடம் பேசியது என்று அம்மாவுக்குத் தெரிந்தது. பார்க்கக் கூடாது என்று கண்களைத் தாழ்த்திக்கொண்டாள்.

மகள் அதையும் பார்த்துவிட்டாள்.