தாண்டாத கோடு

அந்த விருது எனக்குத்தான் வந்திருக்க வேண்டும் என்று விழா தொடங்கும் வரை நினைத்துக்கொண்டிருந்தேன். செவிலியர் படிப்பில் முனைவர் பட்டம் வாங்குகிறவர்களில் ஒருவருக்கு மட்டும், சேவைக்கும் தலைமைப் பண்புக்குமாகத் தருகிற விருது. என்னோடு படித்த அக்காவுக்குப் போய்விட்டது. வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

ஆனால் அக்கா உழைத்தவள். சர்க்கரை நோயில் கால் புண்ணாகிக் கிடப்பவர்களின் வீடுகளுக்கு நடையாய் நடந்தாள். புண்ணைச் சுற்றிச் சிவப்பு எதுவரை பரவியிருக்கிறதோ, அந்த ஓரத்தில் தோல் மேலேயே பேனாவால் ஒரு கோடு. சிவப்பு கோட்டைத் தாண்டினால் அன்றே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். வார்டில் நாங்கள் எல்லோரும் செய்வதுதான். வீட்டில் இருப்பவர்களே அதைப் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் அக்காவின் ஆய்வு. ஊரில் பல வீடுகளில் அவள் கொடுத்த நீலப் பேனா இருந்தது. நாங்கள் அவளைக் கோட்டக்கா என்று கிண்டல் செய்வோம்.

நோயாளி ஒருவர் கையாலேயே பதக்கம் போடவைக்கலாம் என்று கல்லூரி முதல்வருக்கு யோசனை உதித்தது. அக்கா ஒரு தையல்காரரைச் சொன்னாள். ஆய்வு வேலை, விழா ஒத்திகை என்று அலைந்ததில் அவர் வீட்டுக்குப் போய்ச் சில நாள் ஆகியிருந்தது.

"போன்ல கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். கோட்டைத் தாண்டலையாம். அந்தக் கால் தப்பிச்சிடுச்சு, பாரேன்" என்றாள். மிஷினை மிதிக்கிற கால் அது.

தையல்காரரையும் மனைவியையும் மேடைக்கு அழைத்துப்போகும் வேலை என் தலையில் விழுந்தது. தானே தைத்த புது பேன்ட் போட்டு வந்திருந்தார். முகமெல்லாம் வியர்வை.

"உடம்பு சரியில்லையா அண்ணே?"

"மேடைன்னா உதறுது சிஸ்டர். மிஷின்ல உட்கார வைங்க, ஊரே வந்து பார்க்கட்டும்."

சிரித்துவிட்டுக் கையைப் பிடித்து ஏற்றினேன். காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தார்.

அக்கா கறுப்பு அங்கியோடு குனிந்து பதக்கத்தை வாங்கிக்கொண்டாள். குனிந்த தலை நிமிரவில்லை. அதே நேரம் எனக்கும் சதை அழுகும் அந்த வாடை வந்தது. அதை எந்த நர்ஸுக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அக்கா சட்டென்று மண்டியிட்டு அவருடைய பேன்ட்டைச் சுருட்டினாள்.

அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. நோயாளியின் காலடியில் பணிகிறாள் என்று நினைத்துவிட்டார்கள். முதல்வர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கணுக்காலில் அக்கா போட்ட கோட்டைக் காணோம். முழங்காலுக்குச் சற்றுக் கீழே பளிச்சென்று நீலக் கோடு இருந்தது. சிவப்பு அதை ஒட்டி நின்றது. கட்டுக்குக் கீழே விரல்கள் கறுத்திருந்தன.

"கோடு எப்படிம்மா இங்க வந்துச்சு?" என்று அக்கா அவர் மனைவியைக் கேட்டாள்.

"குளிப்பாட்டினா அழிஞ்சுபோகுது சிஸ்டர். அதான் தினமும் காலையில சிவப்பு ஓரமாவே புதுசா வரைஞ்சுடுவேன்" என்றார் மனைவி. "துணியில சாக்பீஸ் கோடு மங்கினா இவருக்கு நான்தானே திரும்பப் போட்டுத் தர்றது? ஒரு நாள்கூடத் தாண்டல." பெருமையாகத்தான் சொன்னார்.

"ஆம்புலன்ஸ்! கைதட்டுறதை நிறுத்தித் தொலைங்க!" என்று நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருந்தோம். முழங்காலுக்கு மேலே காலை எடுக்க வேண்டும், அதற்குப் பிறகும் உயிருக்கு உறுதி சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டு உள்ளே போனார் டாக்டர். வார்டில் கோடு மங்கினால் இருந்த இடத்திலேயே மை ஏற்றுவோம். ஒருநாளும் நகர்த்த மாட்டோம். நர்ஸுக்கு நர்ஸ் அதைச் சொல்லிக்கொள்வதுகூட இல்லை. அதனால் வீடுகளிலும் அக்கா சொல்லவில்லை. அவள் ஆய்வை நான் எழுத்தெண்ணிப் படித்திருக்கிறேன், குறை கண்டுபிடிக்கத்தான் படித்தேன். எனக்கும் அது தோன்றவே இல்லை.

அக்கா அங்கியைக்கூடக் கழற்றாமல் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டாள்.

"கோடு அழிஞ்சா என்ன பண்றீங்க?"

"அதெல்லாம் உடனே வரைஞ்சுடுறோம் சிஸ்டர்" என்று உற்சாகமாக ஒரு குரல் எனக்கும் கேட்டது. அடுத்த வீட்டிலும் அதேதான். இன்னும் எத்தனையோ வீடுகள் பாக்கி இருந்தன.

தையல்காரரின் மனைவி எழுந்து வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார். அக்கா கொடுத்த நீலப் பேனா அவர் கையில் இருந்தது.

"நான் சரியாத்தானே சிஸ்டர் வரைஞ்சேன்? எங்கயாவது கோணலாயிடுச்சா?"

அக்கா போனைக் கீழே வைத்தாள்.

"இல்லம்மா" என்றாள். "நான் சொன்ன மாதிரியேதான் வரைஞ்சீங்க."