மேரி திருமுன்னர்

கோயில் உபதேசியார் சவரிராயலு அந்த ஞாயிறு காலை மூன்று முறை மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். கண்ணாடியில் குற்றமில்லை. கைப்பேசியில் வந்திருந்த படத்தில்தான் பீடம் இல்லை.

பிரான்சில் வேலை பார்க்கும் மகள் ஆன், வெண்ணிற உடையில் நின்றாள். அருகில் அந்நாட்டுப் பையன், மாப்பிள்ளை. எதிரே நீண்ட மேசை. அதன் பின்னால், குருவானவர் நிற்கவேண்டிய இடத்தில், தோளில் மூவண்ணப் பட்டை சார்த்திய ஓர் அம்மாள். மெழுகுவத்தி இல்லை, சிலுவையும் இல்லை. சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது.

"மார்கரீத்து, இது இன்னா கோயிலு?"

மனைவி காப்பி ஆற்றிக்கொண்டே வந்தாள். "கோயில்னு யாரு சொன்னா?"

"அவதான் போன வாரம் போன்ல சொன்னா. 'மேரில கல்யாணம் முடிஞ்சிதுப்பா'ன்னு. நீயும் பக்கத்துலதான இருந்த?"

"இருந்தேன். மேரிலன்னுதான் சொன்னா. மாதா கோயில்லன்னு சொல்லலியே."

சவரிராயலுவுக்கு அப்போதுதான் உறைத்தது. பிரெஞ்சுக்காரர் நகராட்சி மன்றத்தை 'மேரி' என்பர். பட்டை சார்த்திய அம்மாள் மேயர். அவர்கள் போன பிறகும் புதுச்சேரிக் கடற்கரையிலுள்ள நகராட்சிக் கட்டடத்துக்கு ஊர்வாயில் அதுவே பெயர். இதே ஊரில் பிறந்து அறுபத்தெட்டு வயது கண்டவர், அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் தேவதாயை நினைத்துவிட்டார்.

"உனக்கு அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும். நீங்க கண்ணுல தண்ணி வச்சிகினு முழங்கால் போட்டுட்டீங்க. எந்த வாயால சொல்றது?" அவள் டம்ளரை வைத்தாள். "பையனுக்குக் கோயில் வேணாமாம். இவளும் பூசைக்குப் போயி நாலு வருசமாவுதாம். திட்டாதீங்க. எனக்கு நீங்க திட்றதக் கேக்கவும் தெம்பு இல்ல."

அவருக்கும் தெம்பு இல்லை. சினம் வரும் என்று காத்திருந்தார், அயர்ச்சிதான் வந்தது.

தவறு வீட்டோடு நின்றிருந்தால் தாளலாம். சென்ற ஞாயிறு, கோயிலில் நன்றியறிவிப்பு வாசித்தபோது, தாம் கட்டிய குறள் வெண்பா ஒன்றையும் உடன் வாசித்திருந்தார்:

மேரி திருமுன்னர் மெய்ம்மணம் கொண்டாள்என்
மாரியாய் வந்த மகள்.

மாதாவை மரியாயி என்றே எழுதிப் பழகிய கை அவருடையது. மகள் வாயிலிருந்து வந்த சொல் என்பதால் மேரி என்றே வைத்தார். எதுகையும் தானாக வந்து அமர்ந்தது. சிலர் முறுவலித்தனர்; மகிழ்ச்சி என்று எண்ணிக்கொண்டார்.

பிரூனோவின் நினைவு அப்போதுதான் வந்தது. மூன்றாண்டுக்கு முன் பிரூனோவின் மகன், தேவிப்பிரியா என்ற இந்துப் பெண்ணைப் பதிவாளர் அலுவலகத்தில் மணந்தான். நற்கருணைப் பவனியில் ஆண்டவருக்கு மேல் பிடிக்கும் குடையின் கால் ஏந்திவந்தவர் பிரூனோ. "சொந்தப் புள்ளையக் கோயிலுக்குக் கொண்டாராதவன் ஆண்டவருக்குக் குடை புடிக்கலாமா?" என்று பங்குக்கூட்டத்தில் எழுந்து கேட்டவர் சவரிராயலுதான். பிரூனோ குடையை விட்டுவிட்டார். அன்றுமுதல் பூசைக்கு வருவார், வாசற்படி தாண்டமாட்டார். வெளியே பாதாம் மரத்தடியில் நின்று பூசை கண்டு போவார்.

எட்டு மணிப் பூசை. குருவானவர் நன்மை அப்பம் கொடுத்து முடிந்ததும் ஓலை வாசிக்க உபதேசியார் எழுந்தார். மணமக்கள் பெயரை மூன்று ஞாயிறு சபையில் அறிவித்துத் தடை உண்டா என்று கேட்பது வழக்கம். ஓலை காகிதமாகி நெடுங்காலம் ஆயிற்று, பெயர் மாறவில்லை. முப்பத்தோராண்டில் ஒருவரும் தடை சொன்னதில்லை.

அன்று இரண்டு ஓலைகள். வாசித்தார். காகிதத்தை மடித்தபின்னும் ஒலிவாங்கியை விட்டு அகலவில்லை.

"ஒரு திருத்தம். என் மகள் திருமணம் மேரியில் நடந்ததாகப் போன ஞாயிறு வாசித்தேன். அது மாதா கோயில் அல்ல, நகராட்சி மன்றம். ஆகவே அது தேவதிரவிய அனுமானம் ஆகாது. என் பாட்டில் 'மெய்ம்மணம்' என்ற சொல் பிழை."

அனுமானம் என்றால் திருவருட்சாதனம், திருச்சபையின் புனிதச் சடங்கு என்று இளையோர் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? அவர் குரல் ஏட்டுத்தமிழிலிருந்து வழுக்கி விழுந்தது.

"இதே காரியத்துக்காக ஒருத்தர் கையிலேர்ந்து குடையப் புடுங்கனவன் நானு. அவரு வெளிய மரத்தடியில நிக்கிறாரு. அவ்ளோதான்."

இடி விழும் என்று எதிர்பார்த்திருந்தார். கடைசி வரிசையில் ஒருவர் இருமினார். நேரலைக் கைப்பேசியைப் பிடித்திருந்த பெண் கையை மாற்றிக்கொண்டாள். இளங்குருவானவர் மெல்லச் சாய்ந்து, "அறிவிப்பு முடிஞ்சிதுங்களா உபதேசியாரே?" என்றார். எவருக்கும் இது செய்தியே அன்று; போன வாரத்து முறுவலின் பொருள் இப்போது புரிந்தது. அந்த அமைதி அவரை எந்த ஏச்சினும் மிகுதியாகக் களைக்கச் செய்தது.

நடுவழியே நடந்து வாசற்படி இறங்கி மரத்தடிக்கு வந்தார்.

"வாங்க உபதேசியாரே," என்றார் பிரூனோ. "மேரி திருமுன்னர்! போன வாரமே சிரிச்சிட்டேன். பீச்சுல நின்னு தாலி கட்டுன மாரி இருந்துச்சி."

"சிரிச்ச இல்ல, அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

"எதுகை நல்லா இருந்துச்சி. கெடுக்க மனசு வரல."

சவரிராயலு மரத்தைப் பிடித்துக்கொண்டார். "வர்ற பவனிக்கு நீயே குடை புடி பிரூனோ. நான் கூட்டத்துல எழுந்து கேக்குறேன்."

"தோளு போச்சி. கைய மேல தூக்க முடியல." பிரூனோ அதை வன்மமின்றிச் சொன்னார், அதனாலேயே அது சுட்டது. "அத வுடுங்க. பொண்ணுக்கு இன்னா பதில் போட்டீங்க?"

"ஒண்ணும் போடல."

"நானும் அப்ப போடல. ஒரு வருசம் புள்ள மூஞ்சியப் பாக்கல."

சவரிராயலு கைப்பேசியை எடுத்தார். வாழ்த்த ஒரு சொல் தேடினார். கற்ற செய்யுளெல்லாம் கைவிட்டன. ஒற்றை விரலால் தட்டினார்: 'படம் பாத்தேன். ரெண்டு பேரும் சாப்டீங்களா?' அனுப்பிவிட்டார்.

உள்ளே நாற்காலிகள் நகர்ந்தன. சபை எழுந்து நின்றது.

"உள்ள போங்க," என்றார் பிரூனோ. "கடைசி ஆசீர்வாதம் குடுக்கப் போறாரு."

"இங்க கேக்காதா?"

"மூணு வருசமா கேக்குது." பிரூனோ ஓரடி நகர்ந்து நிழலில் இடம் விட்டார்.