இடது கை, வலது கை

இடது கையில் ஒரு பட்டை, வலது கையில் ஒரு பட்டை. விலங்கு மாட்டிய கைதி மாதிரி உட்கார்ந்து, வீட்டிலிருந்தபடியே பாடப்புத்தகத்துக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தாள் மருமகள். இடது பட்டை கப்பலில் வேலை பார்க்கும் கணவனுக்காக. அவன் அங்கே தன் பட்டையைத் தொட்டால் இங்கே இவள் மணிக்கட்டை அது மெல்ல அழுத்தும். வலது பட்டை, அடுத்த அறையில் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் மாமியாருக்காக. துணையில்லாமல் காலை ஊன்றவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டதால், மாமியார் கையில் ஒரு பொத்தான். இரண்டு பட்டையும் ஒரே கடையில் வாங்கியவை. ஒரே கறுப்பு, ஒரே அழுத்தம். ஆனால் இடது கையில் வந்தால் முகம் மலர்வாள், வலது கையில் வந்தால் பல்லைக் கடிப்பாள்.

அன்று காலை வலது கை அழுத்தியது. எழுந்து போனாள்.

“என்ன அத்தை?”

“நான் கூப்பிடலையேம்மா.”

வந்து உட்கார்ந்து ஒரு வரிதான் படித்திருப்பாள், மறுபடியும் வலது கை. மறுபடியும் நடை.

“அத்தை, கை பட்டிருக்கும். பாத்து வச்சுக்கோங்க.”

“நான் அதைத் தொடவே இல்ல.”

மூன்றாவது தடவை அவளுக்குப் பொறுமை போய்விட்டது. கூப்பிடவும் வேண்டும், கூப்பிடவில்லை என்று சாதிக்கவும் வேண்டுமா? மனுஷி ஒரு பக்கமாவது நிம்மதியாகப் படிக்க வேண்டாமா? இனி எத்தனை அழுத்து அழுத்தினாலும் அசைவதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் இடது கை அழுத்தியது. வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

“வேலை நேரத்துல என்ன கொஞ்சல் வேண்டிக்கிடக்கு?” என்று பட்டையிடமே கேட்டாள். உடனே இன்னொன்று. பிறகு விடாமல் நாலைந்து. இந்த மனுஷனுக்கு இன்றைக்கு என்ன ஆயிற்று என்று மறுபடி சிரித்தாள். காலையிலிருந்து ஏறியிருந்த எரிச்சலெல்லாம் இறங்கிவிட்டது.

அப்போதுதான் அடுத்த அறையில் தொப்பென்று சத்தம் கேட்டது.

ஓடினாள். கட்டிலுக்கும் குளியலறைக் கதவுக்கும் நடுவே மாமியார் தரையில் கிடந்தார். உடுத்தியிருந்த துணி நனைந்திருந்தது.

“எதுக்கு அத்தை எந்திரிச்சீங்க? கூப்பிட வேண்டியதுதானே!” பயத்தில் கத்தியேவிட்டாள்.

மாமியார் கையிலிருந்த பொத்தானை அழுத்திக் காட்டினார். மருமகளின் இடது மணிக்கட்டு இறுகியது.

காலையில் சார்ஜரிலிருந்து அவசர அவசரமாக எடுத்தபோது கை மாற்றி மாட்டியிருக்கிறாள். அப்படியே தரையில் உட்கார்ந்து மாமியாரின் தலையை மடியில் தாங்கிக்கொண்டாள்.

“அத்தை, பட்டை மாறிப்போச்சு... நீங்க கூப்பிடுறீங்கன்னு எனக்குத்...”

“நான் அமுக்க அமுக்க நீ சிரிக்கிற சத்தம் கேட்டுதும்மா,” என்றார் மாமியார். “சரி, இவ வரமாட்டான்னுதான் நானே எந்திரிச்சேன்.”